மாதோட்டம்: ஒரு பழந்துறைநகரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

வெள்ளிக்கிழமை மாலைகளிலே, திம்புள்ளப் பள்ளத்தாக்கின் தோட்டக் குடியிருப்புகளில் விளக்கேற்றியபின் தணலின்மீது சாம்பிராணி இடுவது நெடுநாள் வழக்கம். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய இடங்களின் மூடுபனியோடு அந்த நறும்புகை கலந்து எழுவதைக் காணாதவர் மலைநாட்டில் அரியர். ஆயினும், அந்தப் பிசினைத் தரும் மரம் இம்மலைகளிலே வளர்வதில்லை. இத்தீவில் எங்கணும் அஃது இயற்கையாக விளைவதும் இல்லை. சாம்பிராணி சுமாத்திராவின் காடுகளிலிருந்து வருவது. குந்துருக்கம் தென் அராபியாவிலும் ஆபிரிக்காவின் கீழ்க்கோடியிலும் வறண்ட மலைச்சரிவுகளில் நிற்கும் மரங்களின் பட்டையைக் கீறி எடுக்கப்படுவது. நறுமணம் மிக்க அகிற் கட்டை தென்கிழக்காசியக் காடுகளின் செல்வம். கருப்பூரத்துக்குப் பெயர்பெற்றது சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசு. இவ்வாறு, ஒரு சிறு தூபக்காலின் தணலிலே இந்து சமுத்திரம் முழுவதும் ஒன்றுகூடுகிறது எனலாம்.

தொலைநாட்டுப் பண்டங்கள் ஒன்றையொன்று சந்திக்க ஓரிடம் வேண்டும். மேற்றிசைக் கப்பலும் கீழ்த்திசைக் கப்பலும் வந்து பண்டமாற்றிச் செல்வதற்கு ஈழத்தில் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுக்காலம் இடமளித்த துறைநகர் மாதோட்டம் ஆகும். பாளி நூல்கள் இதனை மகாதித்த என்றும், சிங்கள வழக்கு மாதொட்ட என்றும், தமிழ் வழக்கு மாதோட்டம், மாந்தை என்றும் கூறும். இன்று அவ்விடத்திற் காண்பது திருக்கேதீச்சரத் திருக்கோயிலும், அதனைச் சூழ்ந்த மேட்டுநிலமும், முட்புதரும் பனையுமே. அந்நகர் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அழிந்தது என்னும் வினா மன்னார்க் கரைக்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டு மக்களின் வரலாற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்பது பின்னர்ப் புலனாகும்.

நகரின் அமைவு

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுத் தொடர் கிடக்கின்றது. அதன் வடபால் பாக்கு நீரிணை. தென்பால் மன்னார்க் குடா. ஆழங்குறைந்த இக்கடலைப் பெருங்கலங்கள் தடையின்றிக் கடத்தல் அரிது. சிறு கலங்கள் கடப்பதற்குரிய வாயில்கள் இரண்டு: ஒன்று பாம்பன் கால்வாய், மற்றொன்று மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கால்வாய். இவ்விரண்டாவது வாயிலின் கரையிலே அமைந்தது மாதோட்டம். பெருங்கலம் செல்லமுடியாத இடத்தில் பண்டங்களை இறக்கிச் சிறுகலங்களில் ஏற்றவேண்டும். ஏற்றி இறக்கும் இடத்திலே கிடங்கும் தரகும் சுங்கமும் தோன்றும். கடலின் குறைபாடே நகரின் ஆக்கத்துக்குக் காரணமாயிற்று.

பருவக்காற்றும் இதற்குத் துணைநின்றது. தென்மேற்குக் காற்றோடு அராபியக் கரையிலிருந்து வந்த கலம் அதே காற்றில் திரும்பவியலாது. வடகீழ்க் காற்று எழும்வரை காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும் வணிகனுக்கு உணவும் உறைவிடமும் நன்னீரும் பாதுகாவலும் வேண்டும். எனவே, வெறும் இறங்குதுறை போதாது, நகரமொன்று இன்றியமையாததாயிற்று.

மாதோட்டத்தின் பின்புலம் அநுராதபுரம். அத்தலைநகரின் அருகே பாயும் மல்வத்து ஓயா என்னும் ஆறு, மன்னார்ப் பகுதியில் அருவியாறு எனப் பெயர் பெற்று, மாதோட்டத்துக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. அவ்வாற்று நீரை மறித்து நிரப்பப்பட்ட கட்டுக்கரைக் குளம் துறைநகரைச் சூழ்ந்த வயல்களுக்கு உயிரூட்டியது. ஆகவே, மாதோட்டம் கடலை நோக்கிய முகமும் வயலை நோக்கிய முதுகும் உடையதாய் இருந்தது. தலைநகரின் செல்வம் துறைக்கும், துறையின் செல்வம் தலைநகருக்கும் இவ்வழியே சென்றன. பிற்கால வீழ்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு இவ்விணைப்பை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

எழுச்சி

மகாவம்சம் கூறும் விசயன் கதையில், பாண்டிநாட்டு அரசகுமாரியும் அவளுடன் வந்தோரும் இறங்கிய துறை மகாதித்த ஆகும். இக்கதையை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், அந்நூல் இயற்றப்பெற்ற கி.பி. 5-ஆம், 6-ஆம் நூற்றாண்டளவில், தென்னாட்டிலிருந்து வருவோர் இறங்கும் இயல்பான துறை இதுவே என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்றாகும். வட்டகாமணியின் காலத்தில், கி.மு. 103-ஐ அடுத்துத் தமிழர் எழுவர் படையுடன் இறங்கிய இடமும் இதுவே என அந்நூல் கூறும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தொலமி குறிப்பிடும் மொதூத்து என்னும் வணிகத்துறை மாதோட்டமே என அறிஞர் பலர் கருதுவர்.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகத்துறவி, இலங்கையின் வாணிகத்தைத் தெளிவாகக் காட்டுகிறார். இந்தியா, பாரசீகம், எதியோப்பியா ஆகிய நாடுகளின் கலங்கள் இத்தீவுக்கு வந்தன என்றும், சீனமும் பிற கீழைத்துறைகளும் அனுப்பிய பட்டு, அகில், கிராம்பு, சந்தனம் முதலியன இங்கிருந்தே மலையாளக் கரைக்கும், சிந்துவுக்கும், பாரசீகத்துக்கும், தென் அராபியாவுக்கும், ஆபிரிக்கக் கரையிலுள்ள அதூலிசுக்கும் அனுப்பப்பட்டன என்றும் அவர் எழுதியுள்ளார். இவற்றுள் அகிலும் சந்தனமும் நறும்புகைப் பொருள்கள் என்பது கருதத்தக்கது. கீழ்த்திசையின் நறுமணக் கட்டைகளும், மேற்றிசைப் பிசின்களை வாங்கிவிற்கும் நாடுகளின் கலங்களும் இத்தீவின் துறையிலே எதிர்ப்பட்டன. அத்துறையின் பெயரைக் கொஸ்மாஸ் கூறவில்லை. அது மாதோட்டமாதல் வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு.

அவர் கூறும் நிகழ்ச்சியொன்றும் குறிப்பிடத்தக்கது. சொபாத்திரோஸ் என்னும் உரோம வணிகனும் பாரசீகத் தூதன் ஒருவனும் இலங்கை மன்னன் முன் சென்றனர். உங்கள் இரு மன்னருள் பெரியவர் யாவர் என அரசன் வினவினான். பாரசீகன் தன் மன்னனே பெரியவன் என்று விரித்துரைத்தான். சொபாத்திரோஸ் சொல்லால் வாதிடாது, இருவர் நாணயங்களையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினான். உரோமர் காசு பொன். பாரசீகர் காசு வெள்ளி. அரசன் தீர்ப்பு உரோமர் பக்கம் சென்றது. கதை சொல்பவர் உரோமர் சார்பினர் என்பதை மறத்தலாகாது. எனினும், இரு பேரரசுகளின் போட்டியை நாணயத்தை உரைத்து மதிப்பிடும் அரசவையொன்று வாணிகத்தின் இயல்பை நன்கறிந்த அவையாகவே இருத்தல் வேண்டும்.

சமயச் சிறப்பும் நகரை விட்டு அகன்றதன்று. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும், பின்னர்ச் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடினர். சுந்தரர் பதிகம் பாலாவித் தீர்த்தத்தையும், கலங்கள் நிறைந்த மாதோட்டக் கடலையும் போற்றுகின்றது. பக்திப் பாடலில் மரக்கலம் இடம்பெறுவது வெறும் அணியன்று. அத்தலத்தை எண்ணுவோர் மனத்தில் துறைமுகம் முதற்கண் தோன்றியது என்பதற்கு அது சான்றாகும்.

மண் தரும் சான்று

நூல்கள் அரசரையும் படைகளையும் பேசும். நகர மாந்தர் எதனை உண்டனர், எதனை விற்றனர் என்பதை அகழ்ந்தெடுத்த மண்ணே கூறவேண்டும். மன்னாரில் ஆங்கில அரசின் உத்தியோகத்தராயிருந்த போக் 1887-இல் இவ்விடம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1920-களில் ஹோக்கார்ட்டும், 1950-களின் தொடக்கத்தில் சண்முகநாதனும் இங்கே அகழ்ந்தனர். 1980 முதல் 1984 வரை கார்ஸ்வெல், தெரணியகல, மார்த்தா பிறிக்கெற் ஆகியோர் விரிவான அகழாய்வு நடத்தினர். நாட்டிற் போர் மூண்டமையால் அப்பணி இடையிலே நின்றது. அதன் முழு அறிக்கை 2013-இல்தான் வெளிவந்தது. 2009-ஐ ஒட்டி மீண்டும் சிறிய அளவில் அகழாய்வு நிகழ்ந்தது.

இவ்வாய்வுகள் காட்டும் நகர், குதிரை இலாட வடிவினதாய், இரட்டை அகழிகளால் சூழப்பட்ட மேடு ஆகும். தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்து விட்டுச்சென்ற கழிவே அம்மேட்டை உயர்த்தியது. அதனுள்ளே சீனத்து மட்கலங்களும், பாரசீகக் குடாவின் நீலப்பச்சை மெருகுத் தாழிகளும், கண்ணாடி மணிகளும், சங்கறுத்த எச்சங்களும் அடுக்கடுக்காய்க் கிடந்தன. கருகிய தானியங்களை நீரில் மிதக்கவிட்டுப் பிரித்தபோது, நெல்லோடு மிளகும், மேலைநாட்டுக் கோதுமையும், கொடிமுந்திரி விதையும் கிடைத்தன. கி.பி. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட மண்ணடுக்கில் ஒரே ஒரு கிராம்பு அகப்பட்டது. கிராம்பு அக்காலத்தில் மொலுக்காத் தீவுகளிலன்றி வேறெங்கும் விளையாதது. கீழ்க்கோடித் தீவொன்றிற் பறித்த மொட்டு மாதோட்டத்துச் சமையலறையொன்றின் சாம்பலிலே ஆயிரம் ஆண்டு கிடந்தது. மன்னர் மெய்க்கீர்த்திகள் கூறாத செய்தியை அக்கிராம்பு கூறுகின்றது.

சோழராட்சியில்

9-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் பாண்டிநாட்டின்மீது படை அனுப்பியபோது, மாதோட்டத்திலே தங்கிக் கலங்களை ஏவினான் எனச் சூளவம்சம் கூறும். வாணிகத்துறை போர்த்துறையாகவும் விளங்கியது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை தலைகீழாயிற்று. முதலாம் இராசராசனின் படை 993-ஐ ஒட்டி ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியது. மாதோட்டம் இராசராசபுரம் எனப் புதுப்பெயர் பெற்றது.

சோழநாட்டுச் சிறுகூற்றநல்லூர் கிழவனாகிய தாழிகுமரன் என்பவன் இந்நகரில் இராசராச ஈசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். அவன் பொறித்த கல்வெட்டு கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தது. வைகாசி விசாகத்தோடு நிறைவுறும் ஏழுநாள் விழாவுக்கும் நாள்வழிபாட்டுக்கும் நிலமும், தறி முதலியவற்றின் வருவாயும் விடப்பட்டதை அது கூறுகிறது. தெருவும் வீடும் தறியும் தரகும் உள்ள நகரமாகவே அக்கல்வெட்டில் மாதோட்டம் காட்சியளிக்கிறது. பேரரசின் கொடி மாறியபோதும் கடைத்தெரு மாறவில்லை. சோழர் காலத் தமிழ் வணிகக் குழுக்கள் சுமாத்திராவரை சென்று நிலைகொண்டன. பாரூசுக்கு அருகே ஐந்நூற்றுவர் 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. கருப்பூரம் விளையும் நாட்டிலேயே தமிழ்க் கல்வெட்டு நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

எனினும், இவ்வுச்சநிலையிலேயே வீழ்ச்சியின் வித்தும் அடங்கியிருந்தது.

ஓர் ஒப்புநோக்கு

வீழ்ச்சியை ஆராயுமுன், நறும்புகை வாணிகத்துக்கே உரிய மற்றொரு துறையை நோக்குதல் பயன்தரும். ஓமான் நாட்டின் தோபார்ப் பகுதியிற் கோர் றோறி என்னும் உப்பங்கழியின் கரையில் சும்ஹுறம் என்னும் நகர் இருந்தது. குந்துருக்கம் விளையும் மலைகளுக்கு அருகே, ஹளரமவுத்து அரசினர் அதனை அமைத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடற் பயணக்குறிப்பு இத்துறையை மொஸ்கா எனக் கூறும் என்பது பலர் கருத்து. தென்னிந்திய மேற்குக் கரையிலிருந்தும் பரோச்சிலிருந்தும் திரும்பும் கலங்கள் பருவம் பிந்தின் அங்கே தங்கி, துணியும் தானியமும் எள்ளெண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் பெற்றன என்றும், அரசன் இசைவின்றி ஒரு பிடி பிசினும் கலத்தில் ஏறாது என்றும் அக்குறிப்பு உரைக்கும்.

அந்நகரின் வீடொன்றின் எச்சத்தில் 2006-இல் உடைந்த மூடியோட்டுத் துண்டொன்று கிடைத்தது. அதன்மீது தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்னும் பெயர் கீறப்பட்டிருந்தது. அஃது ஓர் அரசனின் பெயரன்று. தன் கலத்தைப் பிறர் எடுத்துக்கொள்ளாதிருக்கப் பெயர் கீறிவைத்த ஒரு மனிதனின் பெயர். காற்று மாறும்வரை அராபியக் கரையில் காத்திருந்த தமிழ் வணிகர் கூட்டத்தின் நிழல் அவ்வோட்டிலே படிந்துள்ளது.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டளவில் சும்ஹுறம் கைவிடப்பட்டது. உப்பங்கழியின் வாயை மணற்றிட்டு அடைத்துக் கலங்கள் புகாதவாறு தடுத்தது. ஆனால், அதே காலத்தில் ஹளரமவுத்து அரசும் தன் தனியாட்சியை இழந்து ஹிம்யரியருக்கு அடங்கியிருந்தது. குந்துருக்கத்தைப் பெருமளவில் எரித்த உரோமக் கோயில்களும் மூடப்பட்டிருந்தன. மணலை அள்ளக் கைகள் உண்டு. அள்ளுவதற்குரிய ஆதாயம் இல்லையாயின் கைகள் எழா. மணல் நகரைக் கொன்றது என்பதைவிட, உயிர் தளர்ந்த நகரை மணல் மூடியது என்பதே பொருத்தமாகும்.

வீழ்ச்சி

மாதோட்டம் தூர்ந்தமையால் அழிந்தது என்பதே பொதுவாக வழங்கும் விளக்கம். கால்வாய் மணல் சேர்ந்து ஆழங்குறைந்தது உண்மையே. ஆயினும், அவ்விளக்கம் முழுமையானதன்று. நகர்மேட்டின் செழுமையான மண்ணடுக்குகள் 11-ஆம் நூற்றாண்டளவில் நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்னரோ படைகள் இத்துறையில் இறங்கியபடியே இருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் மாகனின் காவற்படை இங்கே நிலைகொண்டிருந்தது. சந்திரபானு தன் இரண்டாம் படையெடுப்பில் இங்கேயே இறங்கினான். கலங்கள் வரக்கூடிய துறை இருக்க, நகரம் மட்டும் ஏன் மறைந்தது?

முதற்காரணம் தலைநகர் பெயர்ந்தமை. சோழர் ஈழ மண்டலத்தைப் பொலநறுவையிலிருந்து ஆண்டனர். 1070-இல் சோழரை வென்ற முதலாம் விசயபாகுவும் அநுராதபுரத்துக்கு மீளாது பொலநறுவையையே தலைநகராக்கினான். பொலநறுவைக்கு அணித்தாயது கீழ்க்கரை. திருகோணமலையின் சிறப்பு உயர்ந்தது. அநுராதபுரத்துச் செல்வரும் விகாரைகளும் வாங்கிய அளவுக்கு வாங்குவார் மாதோட்டத்துக்குப் பின்னே இல்லாது போயினர்.

இரண்டாவது, வாணிகம் வேறு துறைகளை நாடியமை. 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் வந்திறங்கும் துறையாக ஊராத்துறையைக் குறிப்பிடுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றிவந்த கலமாயின் செம்பாகம் அரசுக்கு என்று அது விதிக்கிறது. முன்னர் மாதோட்டத்துக்கு உரியதாயிருந்த வாணிகப் பங்கு வடக்கே ஊராத்துறைக்குச் சென்றது என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது, வரண்ட வலயத்தின் வீழ்ச்சி. 1215-இல் மாகன் படையெடுத்தபின் பொலநறுவையும் வீழ்ந்தது. குளங்களைக் காத்த ஆட்சியமைப்பு சிதைந்தது. சிங்கள அரசு படிப்படியாகத் தென்மேற்கே பெயர்ந்தது. கட்டுக்கரைக் குளம் பேணுவாரற்றுப் போனபோது, துறைநகரின் முதுகெலும்பு முறிந்தது.

நான்காவது, பண்டமே மாறியமை. பிற்கால வாணிகத்தில் இலங்கையின் பெயர் கறுவாவோடு இணைந்தது. கறுவாவோ தென்மேற்கு ஈரவலயத்தில் விளைவது. 1344-இல் இலங்கைக்கு வந்த இபுனு பத்தூத்தா இறங்கிய துறை புத்தளப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்ததை அவர் வியந்தெழுதினார். சீனக் கடற்படைத் தலைவன் செங்-ஹோ கொண்டுவந்த, 1409 என ஆண்டு குறிக்கப்பெற்ற மும்மொழிக் கல்வெட்டு காலியிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அது கூறும் காணிக்கைகளுள் நறும்புகைப் பொருள்களும் உண்டு. தமிழ்ப்பகுதி அக்காணிக்கையைத் தேனாவரை நாயனாருக்கு உரியதாக்குகிறது. நறும்புகையின் பாதை முற்றிலும் தெற்கே திரும்பிவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எனவே, மணல் என்பது கடைசிக் காரணமே. வாங்குவோரும் வயலும் வணிகரும் அகன்றபின் எஞ்சிய நகரைக் காலம் புதைத்தது. 1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். பழைய திருக்கோயிலின் கற்கள் அக்கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வரும் செய்தி.

நகரின்றி நின்ற துறை

நகரம் மறைந்தது, துறை மறையவில்லை. பெருங்கலம் நாடாத கரையைத் தோணிகள் நாடின. 19-ஆம் நூற்றாண்டில் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய் மலையேறினர். மாதோட்டத்தின் புதைமேட்டுக்கு அயலே தொடங்கிய அந்த வடபெருஞ்சாலை, பாழ்பட்ட அநுராதபுர நாட்டை ஊடறுத்துச் சென்றது. தூர்ந்த குளங்களும் காடும் நோயும் நிறைந்த வழி அது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். பண்டைய நாளில் நெல்லும் நன்னீரும் நிறைந்திருந்த நாடு அதே நிலையில் இருந்திருப்பின், அவ்வழி அத்துணைக் கொடியதாய் இருந்திராது. மாதோட்டத்தின் வீழ்ச்சியும் குளநாட்டின் வீழ்ச்சியும், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்துவந்த ஏழை மக்களின் உயிரிலே தம் விலையைப் பெற்றன.

1869-இல் கோப்பி இலைநோய் தோன்றியது. பின்னர்த் திம்புள்ள உள்ளிட்ட மலைப்பகுதிகள் தேயிலைக்கு மாறின. தேயிலையும் ஒருவகையில் நறுமணப் பண்டமே. தொலைநாட்டார் விரும்பும் இலையொன்றுக்காகக் காடு அழிந்து மலை ஊராயிற்று. 1885-இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. இலை கொழும்புத் துறையை நோக்கி இறங்கியது. 1914-இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதையும், அங்கிருந்து தனுக்கோடிக்குக் கப்பலும் அமைந்தன. பழைய கடல்வாயில் மீண்டும் உயிர்பெற்றது போலாயிற்று. ஆயினும் அதன்வழி வந்தது அகிலன்று, பட்டன்று, மனித உழைப்பு.

அதே வாயில் வெளியேறும் வாயிலாகவும் மாறியது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் மிகப்பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிப்பதற்கு விடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் சென்றது. மலையிலே பிறந்து, மலையன்றி வேறறியாத குடும்பங்கள் பாட்டனார் வந்த கரையினூடாகவே கடலேறின. 1984-இல் போரினால் அக்கப்பலும் நின்றது. நாட்டில் எஞ்சியோரின் குடியுரிமைக் குறையை நீக்கும் சட்டங்களுள் இறுதியானது 2003-இல்தான் நிறைவேறியது.

முடிவு

திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு ஆறுமுக நாவலர் 1872-இல் சைவ மக்களை வேண்டினார். நூற்றாண்டொன்று கழிந்து 1976-இல் பெருங்குடமுழுக்கு நடந்தது. 1990-க்குப்பின் போரினால் வழிபாடு தடைப்பட்டு, கோயில் மீண்டும் புதுக்கப்பெற்று, 2022-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோயில் எழுந்தது, நகர் எழவில்லை. நகரை எழுப்புவது கல்லன்று என்பதை இது காட்டுகிறது. பின்னாட்டின் வயலும் குளமும், வாங்குவார் கையிலுள்ள செல்வமும், வந்தவரை ஏற்கும் முறையும் கூடியவிடத்தே நகர் எழும். அவை பிரிந்தவிடத்தே மேடாகும்.

இவ்வுண்மை மலைநாட்டுக்கும் உரியது. ஒரே பண்டத்தை நம்பி எழுந்த ஊர்களின் நிலைபேற்றைக் கோப்பியின் அழிவு ஒருமுறை சோதித்தது. தொலைநாட்டார் சுவை மாறும், பாதைகள் மாறும், அரசுகள் மாறும். மாறாது நிற்பவர் சுமப்பவரே. ணந்தை கீரனின் பெயர் ஓர் ஓட்டுத் துண்டினால் இரண்டாயிரம் ஆண்டு பிழைத்தது. தாழிகுமரன் கல்லில் நின்றான். வடபெருஞ்சாலையின் ஓரத்தில் புதைக்கப்பட்டவர்க்கு ஓடும் இல்லை, கல்லும் இல்லை. அவர்களுடைய பேரர் வழிப்பேரர் திம்புள்ளப் பள்ளத்தாக்கிலே தூபமிடும்போது எழும் புகையே அவர்களுக்குரிய நினைவுச்சின்னம். அவர்கள் நடந்த வழியையும் இறங்கிய துறையையும் வரலாற்று மாணவர் தேடி எழுதுவாராயின், மாதோட்டத்தின் வரலாற்றிலே இன்னும் எழுதப்படாத அதிகாரம் அதுவாகும்.